கார்கோவா, கார்கிவ்வா? உக்ரேனிய மொழி வரலாறு படிக்க எந்த வழியில போறது

என் சித்தி பையன் டாக்டருக்குப் படிக்க உக்ரேன்ல இருக்கற கார்கிவ் போன புதுசுல போன் பண்ணி ஒரு கேள்வி கேட்டான். "அண்ணா, ஸ்டேஷன் போர்டுல கார்கிவ்னு இருக்கு, ஹாஸ்டல்ல பாதிப் பேர் கார்கோவ்ங்கறாங்க, காலேஜ் லெட்டர்ல கார்கொவான்னு வருது, ஊர் ஒன்னா மூனா?" எனக்கு அப்போ ரஷ்யன் மட்டும்தான் தெரியும். வீட்ல அப்பா வாங்கி வச்ச சோவியத் புக்ஸைப் பாத்து ஆசைப்பட்டு கத்துக்கிட்டது. அந்தத் தெம்புல "கார்கோவ்தாண்டா கரெக்ட், மத்ததெல்லாம் லோக்கல் ஸ்லாங்"னு சொல்லிட்டேன். சொன்னது தப்புன்னு புரிய எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

2022ல ரஷ்யா உக்ரேன் போர் பெருசானதுக்கு அப்புறம் இதே ஏரியாவுல நிறைய பேர் கேக்கறாங்க. மொழியியல் படிக்கற பசங்க, என்னை மாதிரி ரஷ்யன் தெரிஞ்ச பழைய ஆளுங்க, போலந்துல ஐடி வேலைல இருக்கறவங்க. கேள்வி ஒன்னுதான்: உக்ரேனிய மொழி எப்படி உருவாச்சுன்னு ஒழுங்கா படிக்கணும், எங்கிருந்து ஆரம்பிக்கறது? பழைய ஸ்லாவிக்லேர்ந்தா, இன்னைக்கு பேசற உக்ரேனியன்லேர்ந்தா, ரஷ்யன் வழியாவா, போலிஷ் வழியாவா? நாலையும் கொஞ்சம் கொஞ்சம் மிதிச்சுப் பாத்தவன்ங்கற முறையில சொல்றேன்.

முதல்ல எதை வச்சு அளக்கறது

நான் பாக்கறது நாலு விஷயம். எத்தனை நாள்ல ஒரு பழைய எழுத்தை நீங்களே பாத்து "ஓ, இதனாலதான் இன்னைக்கு இப்படி"ன்னு சொல்ல முடியும், அது ஒன்னு. புக்கும் அகராதியும் கையில கிடைக்குமாங்கறது ரெண்டாவது. எந்தக் காலம் நல்லா வெளிச்சமாகும், எது இருட்டுல நிக்கும்ங்கறது மூனாவது. நாலாவதுதான் யாரும் முன்கூட்டி சொல்லாதது: கத்துக்கிட்டதுல எவ்வளவை அப்புறம் மறக்க வேண்டி வரும். மொழி வரலாறுல கத்துக்கற செலவை விட மறக்கற செலவு ஜாஸ்தி, நம்புங்க.

எந்த வழியில போனாலும் நடுவுல ஒரு பெரிய சண்டையைத் தாண்டித்தான் போகணும், அதையும் இங்கயே சொல்லிடறேன். ரஷ்யன், உக்ரேனியன், பெலாருசியன் மூனும் ஒரே பொதுக் கிழக்கு ஸ்லாவிக் மொழியிலேர்ந்து பிரிஞ்சதுன்னு ரஷ்ய மொழியியலாளர் ஷாக்மதோவ் மாதிரி ஆளுங்க சொன்னாங்க, சோவியத் காலத்துல அதுதான் பாடப்புத்தகமே. அப்படி ஒரு ஒத்தை மொழி இருந்ததே இல்ல, பேச்சு வழக்குகள் ஆரம்பத்துலேர்ந்தே வேறவேறயா இருந்து பல விதமா சேர்ந்து இந்த மூனும் வந்ததுன்னு யூரி ஷெவெல்யோவ் சொன்னார். கார்கிவ்ல வளந்து, போர்ல ஊரை விட்டுக் கிளம்பி, கடைசியில நியூயார்க் கொலம்பியா யுனிவர்சிட்டில வேலை பாத்தவர். உக்ரேனிய ஒலி வரலாறு பத்தி 1979ல அவர் இங்கிலீஷ்ல எழுதின புக்குதான் இன்னைக்கும் எல்லாரும் திரும்பத் திரும்பப் போற இடம். அது அவரோட கார்கிவ்லயே உக்ரேனியன்ல வர 2002 ஆச்சு, அவர் இறந்ததும் அதே வருஷம்.

வழி 1: மேலேர்ந்து கீழ, பழைய ஸ்லாவிக்ல ஆரம்பிக்கறது

இதுதான் கிளாஸ்ரூம் வழி. 863ல சிரிலும் மெத்தோடியஸும் மொராவியாவுக்குப் போனாங்களே, அந்த வேலைக்காக உருவாக்கின எழுத்து மொழி, 988க்கு அப்புறம் கிறிஸ்தவத்தோட சேர்ந்து கீவ்ல நல்லா வேர் பிடிச்சுடுது. ஆனா அது கீவ் ஜனங்க பேசின மொழி இல்ல, கிரேக்கத்துல தெசலோனிக்கி பக்கத்துல இருந்த ஸ்லாவ் பேச்சை வச்சு பண்ணது. எழுத ஒரு மொழி, வீட்ல பேச ஒரு மொழிங்கறது தமிழனுக்கு சொல்லித் தர வேண்டிய விஷயம் இல்ல, ஆனா இங்க எழுத்து மொழியே வெளியூர் சரக்கு, அதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

அப்போ ஜனங்க பேசினது எப்படி தெரியும்? எழுதினவன் தப்பு பண்ற இடத்துலதான் தெரியும். 1164ல காப்பி பண்ண ஒரு நற்செய்தி ஏடு இருக்கு, தொப்ரிலோ நற்செய்தின்னு பேரு. அதுல எ போட வேண்டிய சில இடத்துல மட்டும் 'யாத்'ங்கற வேற எழுத்து விழுது. சும்மா கை தவறினதுன்னு விட்டுடலாம்னா, தவறு ஒரு ஒழுங்குல விழுது. அடுத்து இருந்த குட்டி உயிர் (ரொம்பக் குறுகின ஒரு உகரமோ இகரமோ, வழி 2ல விளக்கறேன்) காணாம போன அசையில மட்டும். இன்னைக்கு உக்ரேனியன்ல இ வர்றதும் அதே இடம்தான்: கல்லுக்கு கமின், அடுப்புக்கு பிச். 860 வருஷத்துக்கு முந்தி ஒருத்தர் காதுல கேட்டதை அவர் கை காட்டிக் கொடுத்துடுச்சு.

இதைக் கண்டுபிடிச்சு 'புது யாத்'னு 1880கள்ல காட்டினவர் ரஷ்ய மொழியியலாளர் சொபொலெவ்ஸ்கி. வேடிக்கை என்னன்னா, பழைய கீவ்ல பேசினது ரஷ்யன் வகைதான், உக்ரேனியன் பேசறவங்க அப்புறம் மேற்கேர்ந்து வந்தவங்கன்னு வாதாடினவரும் இவரேதான். எதிர்க்கட்சிக்கு நல்ல சாட்சியைத் தேடிக் கொடுத்த வக்கீல்.

இன்னொன்னும் சொல்லணும், லிவிவ் பக்கத்துல ஸ்வெனிஹொரொத்ல 1980கள் கடைசில பிர்ச் மரப்பட்டையில எழுதின மூனு லெட்டர் தோண்டி எடுத்தாங்க, 12ஆம் நூற்றாண்டு. ஒன்னுல ஒரு விதவை, படகுக்காக வர வேண்டிய 60 கூனா காசைக் கொடுத்துடு, இல்லேன்னா இளவரசர்கிட்டேர்ந்து ஆள் கூட்டிட்டு வருவேன்னு மிரட்டறாங்க. புருஷன் சாகறப்போ சொன்னதைப் பாதிரியார் எழுதி வச்சிருக்கார்னு சாட்சி வேற. வேதப் புத்தகமா படிச்சு சலிச்சப்புறம் இந்த மாதிரி ஒரு வரி வந்தா தூக்கமே வராது.

மறைஞ்ச செலவு: ஒரு வருஷம் போகும், அந்த வருஷம் முழுக்க நீங்க படிக்கறது உக்ரேனியனே இல்ல. இருமை எண், ஏகப்பட்ட இறந்தகால வடிவம், மூக்கொலி உயிர்னு மனப்பாடம் பண்ணிட்டு கீவ்ல போய் ஒரு காபி கேக்க முடியாது. பல பாடப்புத்தகமும் ரஷ்யன் வரலாறுக்குப் படிக்கட்டா எழுதினதுதான்.

யாருக்கு சரி: ஒப்பியல் மொழியியல் ஏற்கனவே படிச்சவங்க, இல்ல மேல சொன்ன ஷாக்மதோவ் ஷெவெல்யோவ் சண்டையில யார் பக்கம் நியாயம்னு தானே பாக்கணும்னு பிடிவாதம் இருக்கறவங்க.

வழி 2: கீழேர்ந்து மேல, இன்னைக்கு பேசற உக்ரேனியன்ல ஆரம்பிக்கறது

என் ஓட்டு இதுக்குத்தான், அதனால கொஞ்சம் நீளமா போகும்.

குதிரைக்கு உக்ரேனியன்ல கின். குதிரையோட, குதிரையைன்னு சொல்லணும்னா கொன்யா. ராத்திரி நிச், ராத்திரியோட நொச்சி. மேஜை ஸ்தில், மேஜையோட ஸ்தொலா. ஏன் ஒரு இடத்துல இ, இன்னொரு இடத்துல ஒ? பழைய ஸ்லாவிக்ல சொல் கடைசியில குட்டியா ஒரு உகரம், ஒரு இகரம் இருந்துச்சு, நம்ம குற்றியலுகரம் குற்றியலிகரம்னு வச்சுக்கோங்க. நாம நம்மளோடதை இன்னும் காப்பாத்திட்டு இருக்கோம், அவங்க 12ஆம் நூற்றாண்டு வாக்குல தொலைச்சுட்டாங்க. கடைசி உயிர் போனதும் முன்னாடி அசை மெய்யில முடியற அசையா மூடிக்குது, போன உயிருக்கு நஷ்ட ஈடு மாதிரி அங்க இருந்த ஒவும் எவும் நீண்டு, மெல்ல மெல்ல மாறி, கடைசியில இ ஆயிடுச்சு. வேற்றுமை உருபு சேரும்போது அசை திறந்துக்குதா, பழைய ஒ அப்படியே நிக்குது.

இப்போ என் சித்தி பையன் கேள்விக்கு வருவோம். கார்கிவ்: அசை மூடியிருக்கு, அதனால இ. கார்கொவா: 'கார்கிவோட'ன்னு அர்த்தம், அசை திறந்திருக்கு, அதனால ஒ. கார்கோவ்: இந்த மாற்றம் நடக்காத ரஷ்யன் உச்சரிப்பு. லிவிவ், ல்வோவ் கதையும் இதேதான். ஸ்லாங்கும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, எண்ணூறு வருஷ ஒலி வரலாறு ஒரு ஊர் போர்டுல எழுதியிருந்துச்சு, நான் அதை ரஷ்யன் கண்ணாடி போட்டுப் படிச்சிருக்கேன்.

இந்த வழியோட பலமே அதுதான், பேசக் கத்துக்கறப்பவே புதைபொருள் கையில சிக்குது. விளி வேற்றுமையை எடுத்துக்கோங்க, அம்மாவுக்கு மாமா, கூப்பிட்டா மாமோ (ஆமா, அவங்க ஊர்ல மாமான்னா அம்மா). நமக்கு எட்டாவதா இருக்கறது அவங்களுக்கு ஏழாவது. ரஷ்யன்ல இது தேஞ்சு போய் ஒன்னு ரெண்டு சாமி பேர்லதான் மிச்சம். சோவியத் கால உக்ரேனிய இலக்கணத்துல இதை வேற்றுமைன்னே சொல்ல விடாம 'விளி வடிவம்'னு பதவி இறக்கம் பண்ணி வச்சிருந்தாங்க, 1990 வாக்குலதான் வேற்றுமையா திரும்ப ஏத்தினாங்க. சொற்கள்லயும் அப்படித்தான், ஜெர்மன்லேர்ந்து போலிஷ் வழியா வந்த தாக், அதாவது கூரை, துருக்கி மொழிகள் வழியா வந்த மைதான். அந்த மைதான்தான் நம்ம மைதானம், ரெண்டு பேரும் ஒரே கடையில வாங்கினது.

இங்கிருந்து பின்னாடி நடக்கறதும் சுலபம். 1907லேர்ந்து 1909 வரை வந்த ஹ்ரின்சென்கோ அகராதி நாலு தொகுதி, 68,000 சொல் கிட்ட, ஆன்லைன்ல ஃப்ரீ. அதுக்கு முன்ன கவிஞர் ஷெவ்சென்கோவோட முதல் கவிதைப் புக்கு, 1840. அதுக்கும் முன்ன கொத்லியாரெவ்ஸ்கி, 1798ல பொல்தாவா பக்கப் பேச்சுல ஏனெயம்ங்கற லத்தீன் காவியத்தை நக்கலா மாத்தி எழுதினவர். இலக்கிய மொழிக்கு ஆரம்பம்னு எல்லாரும் காட்டறது ஒரு காமெடி காவியத்தை, எனக்கு அதுவே பிடிச்சுப் போச்சு. இன்னும் பின்னாடி போனா 1627ல பாம்வோ பெரிந்தா கீவ்ல போட்ட அகராதி, சர்ச் மொழிச் சொல்லுக்கு அன்னைக்குப் பேச்சு மொழியில அர்த்தம். அதுக்கும் பின்னாடி 1556க்கும் 1561க்கும் நடுவுல எழுதின பெரெசொப்னித்சியா நற்செய்தி, உக்ரேன் ஜனாதிபதிங்க அதை வச்சுத்தான் பதவி ஏத்துக்கறாங்க. ஒவ்வொரு படியிலயும் முன்னாடி படி புரியறதால கால் வழுக்காது.

மறைஞ்ச செலவு ரெண்டு. இன்னைக்கு ஸ்டாண்டர்ட் உக்ரேனியன் நீப்பர் ஆத்தோட நடுப்பகுதிப் பேச்சை வச்சு வந்தது, அதை மட்டும் படிச்சா மொழி எப்பவும் இவ்வளவு வழவழன்னு இருந்த மாதிரி தோணும். அதுக்கு மருந்து வட்டார வழக்கு. வடக்க பொலீசியா பக்கம் கிராமங்கள்ல அந்த ஒ இன்னும் முழுசா இ ஆகல, வூஒ மாதிரி ஒரு ஈருயிரா பாதி வழியில நிக்குது, எண்ணூறு வருஷப் பயணத்துல ஒரு ஸ்டாப்ல இறங்கி உக்காந்துட்ட மாதிரி. 1984லேர்ந்து 2001 வரை மூனு தொகுதியா வந்த வட்டார அட்லஸ்ல இதெல்லாம் மேப்பா இருக்கு. 1986 செர்னோபில் விபத்துக்கு அப்புறம் அந்தப் பக்கத்து ஊர்களையே காலி பண்ணி ஆளுங்களை வேற வேற இடத்துல குடி வச்சாங்க, கூடவே பேச்சும் சிதறிடுச்சு.

ரெண்டாவது செலவு எழுத்துமுறை. 1927ல கார்கிவ்ல ஒரு மாநாடு போட்டு, கிழக்கு மேற்கு ரெண்டு பழக்கத்தையும் சமரசம் பண்ணி 1928ல ஒரு விதி கொண்டு வந்தாங்க. அஞ்சு வருஷம் தாங்கல. 1933ல அதுக்குப் பொறுப்பா இருந்த அமைச்சர் ஸ்க்ரிப்னிக் நெருக்கடி தாங்காம தன்னையே சுட்டுக்கிட்டார், விதியை எடிட் பண்ண சின்யாவ்ஸ்கியை 1937ல சுட்டாங்க, எழுத்துமுறையை ரஷ்யன் பக்கம் இழுத்துட்டாங்க. அப்புறம் 1990லயும் 2019லயும் கொஞ்சம் கொஞ்சமா திரும்பி வருது, இன்னைக்கு ஈதருங்கற சொல்லை எஃபிர்னும் எழுதலாம், எத்தெர்னும் எழுதலாம். அதனால 1930 புக்கும் 1960 புக்கும் ஒரே சொல்லை ரெண்டு விதமா எழுதியிருந்தா மொழி மாறிடுச்சுன்னு முடிவு கட்டிடாதீங்க, மாறினது மேலிடத்து உத்தரவு.

வழி 3: ரஷ்யன் வழியா

பாக்க ரொம்ப சீப்பா தெரியற வழி. ரஷ்யன் ஏற்கனவே தெரியும், எழுத்து கிட்டத்தட்ட அதேதான், புக்கு கொட்டிக் கிடக்கு. நான் போனது இதுல. வெளிய வர்றதுக்குத்தான் காசு பிடுங்கினாங்க.

ஒரு சொல் போதும். உக்ரேனியன்ல நெதீல்யா, ரஷ்யன்ல நெதேல்யா. ஒரே சொல்தான், பழைய யாத் இங்க இ ஆச்சு, அங்க எ ஆச்சு. காட்டுக்கு லிஸ், லெஸ். பனிக்கு ஸ்னிஹ், ஸ்னெக். சரி, ஒலி கணக்கு பிடிபட்டுடுச்சுன்னு நிம்மதியா இருந்தா அர்த்தம் காலை வாருது: உக்ரேனியன்ல அது ஞாயித்துக்கிழமை, ரஷ்யன்ல அது வாரம். வேலை செய்யாத நாள்னு மூல அர்த்தம், அதைக் காப்பாத்தினது உக்ரேனியன், மாத்தினது ரஷ்யன். ஆனா ரஷ்யன்லேர்ந்து வர்றவன் மனசுல எப்பவும் ரஷ்யன்தான் அசல், மத்தது வழி தவறினது. இந்த நெனப்பை யாரும் சொல்லித் தர்றதில்ல, தானா உக்காந்துக்கும். உக்ரேனியனுக்கு சொல் வேறுபாடு பெலாருசியனோட 16%, போலிஷோட 30%, ரஷ்யனோட 38%னு மொழியியலாளர் கொஸ்தியந்தின் திஷ்சென்கோ போட்ட கணக்கைப் பாத்தப்போதான் எனக்கு உறைச்சுது.

படிக்கற புக்கும் சுத்தமா வராது. 1818ல உக்ரேனியனுக்கு முதல்முதலா அச்சுல வந்த இலக்கணம் பாவ்லொவ்ஸ்கியோடது, பீட்டர்ஸ்பர்க்ல ரஷ்யன்ல எழுதினது, தலைப்புலயே 'சின்ன ரஷ்ய வழக்கு' (உக்ரேனியனை அங்க அப்படித்தான் சொன்னாங்க), மறைஞ்சுட்டு இருக்கற பேச்சைப் பதிவு பண்றேன்னு வேற சொல்லிக்கிட்டார். 1863ல ரஷ்யப் பேரரசோட உள்துறை அமைச்சர் வாலுயெவ் சுற்றறிக்கை, அப்படி ஒரு தனி மொழி இருந்ததும் இல்ல, இப்பவும் இல்ல, இருக்கவும் முடியாதுன்னு. 1876ல ரஷ்யச் சக்கரவர்த்தியோட எம்ஸ் ஆணை, உக்ரேனியன்ல அச்சு, நாடகம், வெளிநாட்டுலேர்ந்து புக்கு கொண்டு வர்றது எல்லாத்துக்கும் தடை. இந்த வரிசையில வளந்த ஒரு படிப்பைப் படிச்சா அதோட வாசனை நம்ம மேலயும் ஒட்டும்.

ஆனா இந்த வழியைத் தள்ளிடவும் முடியாது, காரணம் அதே தடைதான். 19ஆம் நூற்றாண்டுல இந்த மொழியை ஆராய்ச்சி பண்ணவங்க, கார்கிவ் பொதெப்னியா, கீவ் ஜிதெத்ஸ்கி, ரெண்டு பேரும் உக்ரேன்காரங்க, எழுதினது ரஷ்யன்ல. ஆய்வு வரலாறே உங்க சப்ஜெக்ட்னா, இல்ல ஆவணக் காப்பகத்துல உக்காரப் போறீங்கன்னா ரஷ்யன் இல்லாம ஒரு அடி நகர முடியாது. ரெண்டாவதா கத்துக்கோங்க, முதல்ல வேணாம். ஏற்கனவே கத்துக்கிட்டாச்சா, ஆறு மாசம் அதைப் பரண்ல போட்டு வழி 2ல ஆரம்பிங்க.

வழி 4: போலிஷ் வழியா

வார்சாலயும் கிராகோவ்லயும் வேலை பாக்கறவங்களுக்கு மட்டும் சொல்றேன். சொல்வளம் சட்டுனு பிடிபடும், நவம்பர் மாசத்துக்கு ரெண்டு மொழியிலயும் லிஸ்தொபாத், இலை உதிர்றதுன்னு அர்த்தம். 16, 17ஆம் நூற்றாண்டு எழுத்தெல்லாம் போலிஷ் தெரிஞ்சவங்களுக்குப் பாதி படிச்ச புக்கு மாதிரி. ஆஸ்திரியா ஆட்சியில இருந்த மேற்குப் பகுதியான கலீசியாவுல தடை இல்லாததால 1886ல ஜெலெகிவ்ஸ்கி அகராதி வந்துச்சு, உக்ரேனிய ஜெர்மன் ரெண்டும் சேர்ந்தது, அந்தப் பக்கம் வரலாறும் நல்லா வெளிச்சமாகும். கிழக்கு மட்டும் இருட்டா போயிடும்.

செலவு: போலிஷ் மாதிரி இருக்கறதெல்லாம் போலிஷ்லேர்ந்து கடன் வாங்கினதுன்னு தோணும். பாதி ரெண்டு பேருக்கும் பாட்டி வீட்டுச் சொத்து. அழுத்தம் போலிஷ்ல பெரும்பாலும் கடைசிக்கு முந்தின அசையில, உக்ரேனியன்ல அது எங்க வேணா தாவும், நாக்கைத் திருத்த நாளாகும்.

| | பழைய ஸ்லாவிக் | இன்றைய உக்ரேனியன் | ரஷ்யன் | போலிஷ் |
|---|---|---|---|---|
| பழைய எழுத்துல கை வைக்க | ஒரு வருஷம், நேரா | ஆறு மாசத்துல 19ஆம் நூற்றாண்டு | சீக்கிரம், ஆனா கோணலா | 16, 17ஆம் நூற்றாண்டு சீக்கிரம் |
| புக்கு, அகராதி | நிறைய, ரஷ்யன் சார்பு | நிறைய, ஆன்லைன்ல | கொட்டிக் கிடக்கு | மேற்குப் பகுதிக்கு நல்லா |
| இருட்டுல விடறது | இன்றைய பேச்சு | 12ஆம் நூற்றாண்டுக்கு முன்ன | மேற்கு உக்ரேன் | கிழக்கு உக்ரேன் |
| மறக்க வேண்டியது | கொஞ்சம் | ரொம்பக் கொஞ்சம் | மலையளவு | ஓரளவு |

எந்த வழியை எடுத்தாலும் முதல் நாள் போன்ல உக்ரேனியன் கீபோர்டு போட்டுக்கோங்க. அதுல ஹ ஒலிக்கு ஒரு எழுத்து முன்னாடியே தெரியும். 'கங்கை'ல ரெண்டாவதா வர்ற க இருக்கே, அந்த ஒலிக்கு இன்னொரு எழுத்து உண்டு, மேல ஓரத்துல கொம்பு வச்ச மாதிரி. 1619ல ஸ்மொத்ரித்ஸ்கி தன் இலக்கணத்துல நெடுங்கணக்குல சேத்தது, 1933ல தூக்கிட்டாங்க, 1990ல திரும்ப வந்துச்சு. நடுவுல 57 வருஷம் விளையாடறதுக்கான ஹ்ராத்தியும், இந்தக் கொம்பு எழுத்துல ஆரம்பிக்கற ஜெயில் கம்பியும் எழுத்துல ஒன்னாவே இருந்துச்சு. கீபோர்டுல அது மட்டும் கண்ணுக்குத் தெரியாது, ஹ மேல விரலை வச்சு ரெண்டு செகண்டு அழுத்திப் பிடிச்சீங்கன்னா மேல எழும்பி வரும்.